முதல் பொறி: வட அமெரிக்காவில் மென்மயிர் வேட்டை கற்போரும் சிறு கால்பொறியும்

வட அமெரிக்காவின் சிற்றூர்களில் மென்மயிர் விலங்குகளைப் பிடிக்கப் பழகும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ பல தலைமுறைகளாக முதலில் கிடைத்துவந்தது ஒன்றாம் எண் கால்பொறி. தாடைகளை விரித்தால் அகலம் ஏறத்தாழ நான்கு அங்குலம். ஒரு பக்கம் நீண்ட தட்டை ஸ்பிரிங், நடுவில் மிதிதட்டு, அதன் காடியில் மாட்டி நிற்கும் ஒரு சிறு கொக்கி, கடைசியில் சங்கிலி. விலங்கு தட்டை மிதித்தால் கொக்கி நழுவும், ஸ்பிரிங் மேலெழும், தாடைகள் காலைக் கவ்வும். பார்த்த ஐந்து நிமிடத்தில் இதன் இயக்கம் புரிந்துவிடும். இதைச் சரியாகப் பயன்படுத்தப் பல குளிர்காலங்கள் ஆகும்.

இந்தப் பொறியைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது. தடை கோருவோர் இரும்பைக் காட்டுகிறார்கள். வேண்டும் என்போர் தேர்ந்த பொறிக்காரரைக் காட்டுகிறார்கள். இரு தரப்பின் வாதங்களையும் சேர்த்துப் படித்தால், இடையில் நிற்கும் ஒருவரை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை என்பது தெரிகிறது. அவர்தான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். பொறியால் விலங்குக்கு நேரும் துன்பத்தில் ஒரு பங்கு இரும்பின் வடிவத்தைப் பொறுத்தது; மறுபங்கு அதை வைத்த கையைப் பொறுத்தது. அந்தக் கை எப்படிப் பழகுகிறது, யார் பழக்குகிறார்கள், பழகும் காலத்தில் என்னென்ன பிழைகள் நேர்கின்றன என்ற கோணத்தில் இந்தக் கேள்வி முழுவதையும் பார்க்கலாம்.

பொறிகளுக்கு எண் வந்த கதையிலிருந்து தொடங்குவதே முறை. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பகுதியில் சூவல் நியூஹவுஸ் என்பவர் 1820களிலிருந்து கையால் பொறிகள் செய்து சுற்றுவட்டாரத்தில் விற்றுவந்தார். 1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் அங்கே ஒரு பொதுவுடைமைச் சமயச் சமூகத்தை அமைத்தார்; நியூஹவுஸும் அதில் சேர்ந்தார். சமூகத்துக்கு வருமானம் தேவைப்பட்டது. நியூஹவுஸின் கைத்தொழில் இயந்திரத் தொழிலாக மாறியது. மிகச் சிறு விலங்குகளுக்குப் பூஜ்யம், கஸ்தூரி எலிக்கு ஒன்று, நரிக்கு ஒன்றரையும் இரண்டும், ஓநாய்க்கு நான்கு, கரடிக்கு ஐந்தும் ஆறும் என்று அளவுகள் நிலைபெற்றன. பிற்காலத்தில் மேசைக் கரண்டிகளுக்குப் பேர்போன ஒனைடா நிறுவனத்தின் முதல் பெருஞ்செல்வம் இந்தப் பொறிகளிலிருந்து வந்ததுதான். 1865இல் அந்தச் சமூகம் பொறிக்காரர்களுக்கான கையேடு ஒன்றையும் வெளியிட்டது. பொறி விற்றவர்களே பாடமும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இப்படித் தொடங்கியது. ஒஹையோவின் கொலம்பஸில் ஏ. ஆர். ஹார்டிங் இதழ்களும் மலிவுப் புத்தகங்களுமாக அதைப் பெரிதாக்கினார். இரும்புப் பொறிகள் பற்றிய அவருடைய நூல் 1907இல் வந்தது. 1920களில் சியர்ஸ் நிறுவனம் பண்ணைச் சிறுவர்களிடமிருந்து அஞ்சல் வழியே தோல்களை வாங்கியது. ‘ஜானி மஸ்க்ராட்’ என்ற கற்பனைப் பெயரில் ஆண்டுதோறும் அறிவுரைச் சிற்றேடு அனுப்பியது. தோலை நன்றாகப் பதப்படுத்தி அனுப்பியவர்களுக்குப் பரிசும் கொடுத்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது பள்ளிக்குப் போகுமுன் ஓடைக்கரையைச் சுற்றிவந்த பிள்ளைகளின் தோல் பணம் பல பண்ணை வீடுகளுக்கு ரொக்கமாக வந்து சேர்ந்தது.

மஸ்க்ராட் எனப்படும் கஸ்தூரி எலி ஏன் முதல் பாடமாயிற்று? அது எங்கும் இருந்தது. சதுப்பு, பண்ணைக் குட்டை, வடிகால் வாய்க்கால், மெதுவாக ஓடும் ஓடை என்று நீர் நிற்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். பிறந்தவற்றில் பெரும்பாலானவை பொறியே இல்லாவிட்டாலும் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. மிங்க், ஆந்தை, வெள்ளம், பனி, பசி என்று எமன்கள் பல. எனவே ஒரு குட்டையில் சிலவற்றைப் பிடித்தால் இனம் அழிந்துவிடாது என்ற நம்பிக்கை இருந்தது. இன்னொரு காரணம், அது ஒளிந்து வாழும் விலங்கு இல்லை. சம்புத் தண்டுகளைக் குவித்துக் கட்டிய கூடு தொலைவிலிருந்தே தெரியும். கரையோரத்தில் நீருக்கடியில் வளைக்குப் போகும் தடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். தின்று போட்ட தண்டுகள் மிதக்கும் மேடை இருக்கும். பாதி மூழ்கிய மரக்கட்டையில் எச்சம் கிடக்கும். இவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நரியின் தடம் தேடி அலைபவர் வாரக்கணக்கில் ஒன்றும் காணாமல் சலித்துப்போகலாம். கஸ்தூரி எலியின் குட்டையில் முதல் மாலையே படிக்க ஏதாவது கிடைக்கும்.

பொறி வைக்கும் முறையும் சொல்வதற்கு எளிது. தடத்தில் நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே பொறி. சங்கிலியின் மறுமுனை ஆழமான நீர்ப்பக்கம் அடித்த முளையில். கவ்வப்பட்ட எலி அச்சத்தில் ஆழத்துக்குத்தான் பாயும். பொறியின் எடை அதை அங்கேயே வைத்துவிடும். இந்த ஆழம் முக்கியம், காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. கஸ்தூரி எலியின் முன்னங்கால் எலும்பு மிக மெலிந்தது. ஆழமில்லாத நீரில் பிடிபட்டால் அது உடம்பைச் சுழற்றிச் சுழற்றிக் காலையே முறுக்கி அறுத்துக்கொண்டு போய்விடும். தொடக்கநிலையாளரின் பொறியில் காலையில் எஞ்சியிருப்பது ஒரு சிறு பாதம் மட்டும் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. இந்தத் துறையின் மிகப் பழைய அவலம் இது. நியூஹவுஸ் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. இதைத் தடுக்க, தாடை மூடியபின் ஒரு கம்பிச் சட்டம் எழுந்து எலியின் உடம்பைத் தள்ளிப் பிடித்து, முறுக்க முடியாதபடி செய்யும் காவல்சட்டப் பொறி வந்தது. ஆனாலும் நீரின் ஆழத்தையும் சங்கிலியின் நீளத்தையும் சரியாகக் கணிக்காதவர் கையில் காவல்சட்டமும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இரவில் பனி உறைந்து நீர்மட்டம் இறங்கினால் நேற்று சரியாக இருந்த ஆழம் இன்று போதாது. இதை எந்தக் கையேட்டிலும் படித்துவிடலாம். குட்டையைத் தினமும் பார்த்தவருக்குத்தான் மனத்தில் பதியும்.

யூகான் பிரதேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, ஓல்டு குரோ சமவெளி என்ற ஏரிக்காடு இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். வுண்டுட் குவிச்சின் மக்கள் வசந்தகாலத்தில் குடும்பம் குடும்பமாக அங்கே போய்க் கூடாரமடித்துக் கஸ்தூரி எலி பிடிப்பது நெடுநாள் வழக்கம். ஏரி உறைந்திருக்கும்போது எலி பனிக்கட்டியில் ஒரு துளையைத் திறந்துவைத்துக்கொள்ளும். நீர்ச்செடிகளை அதன் வழியே மேலே தள்ளித் துளையின்மேல் ஒரு சிறு குவிமாடம் எழுப்பும். மூச்சுவிடவும் தின்னவும் அதுவே அறை. குவிச்சின் பொறிக்காரர் குவிமாடத்தின் பக்கவாட்டைத் திறந்து, உள்ளே சிறு பொறியை வைத்து, திறந்த இடத்தைக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அடைப்பு சரியில்லையென்றால் துளை உறைந்துவிடும். பொறியில் எலி சிக்காது என்பதோடு முடியாது, அந்த எலிக் குடும்பமே மூச்சுத்துளையை இழக்கும். அங்கே குழந்தைகள் கற்பது இந்த அடைப்பு வேலையைத்தான். இறைச்சி உணவாகிறது, தோல் விற்பனைக்குப் போகிறது. அருகேயுள்ள மக்கென்சி ஆற்றுக் கழிமுகத்தின் இனுவிக் நகரில் வசந்தத்தில் நடக்கும் திருவிழாவின் பெயரிலேயே கஸ்தூரி எலி இருக்கிறது. கற்பிப்பது பற்றிய பேச்சில் நான் இந்த மக்களைத் தென்பகுதிப் பொழுதுபோக்குப் பொறிக்காரர்களோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். இங்கே பாட்டியோ மாமனோ பல வாரம் கூடவே இருந்து கற்பிக்கிறார்கள், தவறினால் அன்றே திருத்துகிறார்கள், பிடித்தது வீணாவதில்லை. தெற்கே சட்டத்தாலும் பாடத்திட்டத்தாலும் உருவாக்க முயலும் சூழல் இங்கே குடும்பத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நிலத்துக்கு வந்தால் பாடம் கடினமாகிறது. ஒன்றரையாம் எண் சுருள்ஸ்பிரிங் பொறி நரிக்கும் ரக்கூனுக்கும் பொதுவானது. இங்கே பொறி கொல்வதில்லை. பிடித்து நிறுத்துகிறது. பொறிக்காரர் வரும்வரை விலங்கு உயிரோடு காத்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு சிறு விவரமும் அதன் உடம்பில் பதிகிறது. மண்ணில் குழி தோண்டிப் பொறியை அசையாமல் பதிக்க வேண்டும். ஆடினால் நரி அதை உணர்ந்து, தோண்டி வெளியே எடுத்துப் போட்டுவிடும், அல்லது பாதத்தின் நடுவில் பிடிபடாமல் விரல் நுனியில் பிடிபடும். விரல் நுனிப் பிடிதான் மோசமான காயத்துக்கு வழி. சங்கிலி குட்டையாகவும் பொறியின் அடிநடுவிலிருந்தும் வர வேண்டும். இரண்டு மூன்று சுழல்வளையங்கள் வேண்டும். இல்லையென்றால் விலங்கு சுற்றும்போது கால் முறுகும். மிதிதட்டு எவ்வளவு எடையில் இறங்க வேண்டும் என்பதைத் திருகாணியால் இறுக்கிவைத்தால் அணிலும் சிறு பறவையும் மிதித்தாலும் பொறி இயங்காது. தாடைகள் மூடியபின் இடையே சிறு இடைவெளி இருப்பது, தாடை விளிம்பைத் தடிப்பாக்குவது, ரப்பர் ஒட்டுவது ஆகியவை காயத்தைக் குறைக்கவென்றே வந்த திருத்தங்கள். கடைகளில் விற்கும் பொறிகள் பெரும்பாலும் இந்தத் திருத்தங்கள் எல்லாவற்றோடும் வருவதில்லை. தேர்ந்தவர் தன் பட்டறையில் மாற்றிக்கொள்கிறார். புதியவர் வாங்கியபடியே வைக்கிறார். இதைவிட எளிதாகச் சரிசெய்யக்கூடிய அநீதி இந்தத் துறையில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ரக்கூனுக்கு நிலைமை தேவலை. அது கையை நுழைத்துத் துழாவும் பழக்கம் கொண்டது. குழாய் வடிவப் பொறியின் அடியில் இரை வைத்தால், கையை விட்டு விசையை இழுக்கும் விலங்கு மட்டுமே சிக்கும். நாயின் பாதத்தால் அது முடியாது. அக்கம்பக்கத்து நாய் சிக்கிவிடுமோ என்ற பயம் தொடக்கநிலையாளரை விட்டு அகல இது பெரிதும் உதவியிருக்கிறது.

பயிற்சியில் அதிகம் பேசப்படாத பகுதி கைகளைப் பற்றியது. நீள்ஸ்பிரிங்கைக் காலணியால் மிதித்து அமுக்கி, தாடைகளை விரித்து, கொக்கியை மிதிதட்டின் காடியில் பொருத்தும்போது விரல்கள் தளர்ந்த தாடைக்குக் கீழிருந்து வர வேண்டும், ஒருபோதும் மேலிருந்து வரக் கூடாது. ஒன்றாம் எண் பொறி விரலில் விழுந்தால் சுரீரென்று வலிக்கும், எலும்பு முறியாது. பீவருக்கான பெரிய உடல்பிடிப் பொறியில் மாட்டினால் தனியாக விடுவித்துக்கொள்வதே கடினம். சிறு பொறியில் தொடங்குவதற்கு இதுவே வலுவான நியாயம்: பிழையின் விலை கற்பவருக்குக் குறைவு. ஆனால் அதே பிழையின் விலை விலங்குக்குக் குறைவாக இல்லை. இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத்தான் நல்லாசிரியர் என்பேன். பிடிபட்ட நரியைத் தாமதமின்றிக் கொல்வது, தவறாகப் பிடிபட்ட நாயின் தலைமேல் கோட்டைப் போர்த்தி அமைதிப்படுத்திவிட்டு ஸ்பிரிங்கை அமுக்கி விடுவிப்பது, கையுறை இல்லாமல் தோலுரிப்பவருக்கு டுலரீமியா காய்ச்சல் தொற்றக்கூடும் என்பது போன்ற பாடங்களைப் புத்தகத்திலிருந்து கற்பது அரைக்கல்விதான். தோலுரித்து, கொழுப்புச் சுரண்டி, கம்பிச் சட்டத்தில் இழுத்துக் காயவைக்கும் கலைக்குத் தனிக் கட்டுரையே தேவைப்படும். இங்கே ஒன்று மட்டும் போதும். பருவம் முதிராத தோலின் உட்புறம் கருநீலமாக இருக்கும், முதிர்ந்தால் வெளிறிவிடும். அவசரப்பட்டுப் பருவத்தின் தொடக்கத்திலேயே பிடித்தவரின் தோலில் அந்த அவசரம் எழுதியிருக்கும், வாங்குபவர் அதைப் படித்து விலையைக் குறைப்பார்.

அறிவியலுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் ஒரு சட்டம் இயற்றியது. 1995 முதல் தன் எல்லைக்குள் கால்பொறியைத் தடைசெய்தது. கால்பொறி பயன்படுத்தும் நாடுகளிலிருந்து 13 விலங்கினங்களின் தோல் இறக்குமதிக்கும் தடை என்றது. கனடாவும் ரஷ்யாவும் பேச்சுக்கு வந்தன. 1997இல் பொறிகளுக்கான பன்னாட்டுத் தர உடன்பாடு உருவானது. அமெரிக்கா அதில் கையெழுத்திடாமல் தனி ஒப்புதல் குறிப்பு ஒன்றோடு நின்றது. உயிரோடு பிடிக்கும் பொறியை அந்த உடன்பாடு இப்படிச் சோதிக்கிறது: குறைந்தது 20 விலங்குகளில் 80 சதவீதத்துக்கு எலும்பு முறிவு, மூட்டு விலகல், தசைநாண் அறுபடல், தன்னைத் தானே கடித்துக்கொள்ளுதல் போன்ற அறிகுறிகள் இருக்கக் கூடாது. கொல்லும் பொறிக்கு நேரக்கெடு உண்டு: எர்மின் எனும் குட்டி மரநாய்க்கு 45 நொடி, மார்ட்டனுக்கு 120, கஸ்தூரி எலி உள்ளிட்ட மற்றவற்றுக்கு 300. இதற்கு முன்பே 1987இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தில் ஒரு குழு அமைந்திருந்தது. எவ்வளவு வலி ஏற்கத்தக்கது என்பதில் உறுப்பு நாடுகள் உடன்படவே இல்லை. கடைசியில் 1999இல் எப்படிச் சோதிப்பது என்ற முறைகளை மட்டும் வெளியிட்டு அந்தக் குழு நின்றுகொண்டது. அமெரிக்காவில் மாநில வனவிலங்குத் துறைகளின் கூட்டமைப்பு 1997 முதல் களத்தில் பொறிகளைச் சோதித்துப் பரிந்துரைகள் வெளியிடுகிறது. காயத்தின் அளவு, பிடிக்கும் திறன், வேறு விலங்கு சிக்காமை, பயன்பாட்டு எளிமை, பாதுகாப்பு ஆகிய அளவுகோல்கள் அவற்றில் உண்டு. உழைப்பு மிகுந்த, மதிக்கத்தக்க பணி இது.

ஆனால் அந்தச் சோதனைகளில் பொறி வைத்தவர்கள் அனுபவமிக்க பொறிக்காரர்கள். தொழில்நுட்பர்கள் கூடப் போய்ப் பதிவு செய்தார்கள். அறிவியல் நோக்கில் அது சரியான முடிவு. பொறியை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் கையை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பிரச்சினை அதன்பின் வருகிறது. அந்த எண்கள் பொறியின் தன்மையாகவே பேசப்படுகின்றன. முதல் குளிர்காலத்தில் இருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை அதே பொறியை வைத்தாலும் அதே காய அளவுதான் நேரும் என்பதுபோல எடுத்தாளப்படுகின்றன. விரல் நுனிப் பிடி, ஆடும் அடித்தளம், தவறான ஆழம் எல்லாம் புதியவர் கையில்தான் கூடுதல். சோதனையில் தேறிய பொறி என்ற முத்திரை, தேறாத கைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படுவது முறையல்ல.

நீரில் மூழ்கிச் சாகும் கஸ்தூரி எலியைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். பயிற்சிக் கையேடுகள் நெடுங்காலம் அதை அமைதியான சாவு என்றே சொல்லிவந்தன. அது கால்மணி நேரம்கூட மூச்சடக்கி நீந்தவல்ல விலங்கு. பிடிபட்டுப் போராடும்போது அந்தக் கையிருப்பு வேகமாகக் கரைந்தாலும், கனடாவில் 1982இல் வெளியான ஆய்வில் மூழ்கடிக்கப்பட்ட கஸ்தூரி எலியின் மூளை இயக்கம் நிற்க ஏறத்தாழ நான்கு நிமிடமும், பீவருக்கு ஒன்பது நிமிடமும் ஆனது. நான்கு நிமிடம் என்பது 300 நொடி வரம்புக்குள் வருகிறது. அதை வைத்து ஏற்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. 1999இல் அமெரிக்கக் கால்நடை, வனவிலங்கு அறிஞர் சிலர் மூழ்கடித்தலைக் கருணைக்கொலை என்று சொல்ல முடியாது என்று எழுதினார்கள்; அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும் மூழ்கடித்தலை ஏற்பதில்லை. எனக்கு இந்த இடத்தில் தயக்கம் இல்லை. கனடாவின் ஃபிராங்க் கானிபேர் பல ஆண்டு முயன்று உருவாக்கி, 1950களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த 110 எண் உடல்பிடிப் பொறி கழுத்தையோ மார்பையோ தாக்கி எலியைக் கொல்கிறது. நீருக்கடித் தடத்தில் அதைச் சரியாக வைக்கும்போது விலங்குக்குத் துன்பம் குறைவு, காலை முறுக்கி அறுக்கும் அவலமும் இல்லை. பழக்கம் என்பதற்காக மட்டும் மூழ்கடிக்கும் கால்பொறியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நிறுத்திவிடலாம்.

இங்கே ஒரு முரண் வெளிப்படுகிறது. கால்பொறியின் உண்மையான சிறப்பு அது கொல்லாது என்பதே. தவறாகப் பிடித்ததை விடலாம். வேண்டியதை உயிரோடு எடுத்துச் செல்லலாம். 1982 முதல் லூயிசியானாவின் சதுப்புகளில் சிறு கால்பொறிகளால் பிடித்த நீர்நாய்கள் மிசௌரிக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. பத்தாண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை. அங்கே ஏறக்குறைய அழிந்துபோயிருந்த நீர்நாய் மீண்டும் ஆறுகளில் பெருகியது. காலில் பெருங்காயம் பட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஆக, இந்தக் கருவி தன் சிறந்த குணத்தைக் காட்டுவது நிலத்திலும் கரையிலும், மிகத் தேர்ந்த கையில். புதியவர் கைக்கு அது வருவதோ நீருக்கடியில், கொல்லும் கருவியாக. எளிது என்று நாம் கருதும் பாடம் கருவியின் மிக மோசமான பயன்பாட்டில் தொடங்குகிறது.

சட்டங்களின் வரலாறு நீளமானது. சாரம் மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பற்கள் வைத்த பழைய கால்பொறி 1958இல் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், கொலராடோ 1996இலும், கலிஃபோர்னியா 1998இலும், வாஷிங்டன் 2000இலும் பொதுவாக்கெடுப்பால் கால்பொறியைக் கட்டுப்படுத்தின. 2019இல் கலிஃபோர்னியா மென்மயிருக்காகப் பொறி வைப்பதையே தடைசெய்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறிவைத்தலை வேட்டையாகவே கருதுகிறது. 2017இல் மிங்க், நரி, சின்சில்லா தோல் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. மற்ற அமெரிக்க மாநிலங்களில் பொறியைப் பார்வையிடும் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறுகிறது. கிழக்கே பல இடங்களில் நாள்தோறும். நெவாடாவின் பெரும்பகுதியில் 96 மணி நேரம். உயிரோடு பிடிக்கும் பொறியைப் பொறுத்தவரை இந்த ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. எட்டு மணி நேரத்தில் வீக்கத்தோடு போவது நான்கு நாளில் காய்ந்து செத்த காலாகலாம். புதியவருக்கு நான்கு நாள் அவகாசம் கொடுக்கும் சட்டம் அவருக்கு எதையும் கற்பிப்பதில்லை.

பயிற்சி விதிகளும் அப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. ஒன்டாரியோவில் முதல் உரிமம் பெறுமுன் மென்மயிர் அறுவடைப் படிப்பை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, சில ஆக்கவில்லை. பெரும்பாலான வகுப்புகள் ஒன்றிரண்டு நாள். நிறைய நல்ல விஷயங்கள் அவற்றில் உண்டு. ஆனால் குளிர்ந்த காலையில் நீர்மட்டம் இறங்கிவிட்டதைக் கண்டு பொறியை மாற்றிவைக்க வேண்டும் என்று உணர்வது வகுப்பறையில் வராது. 1959இல் தொடங்கிய தேசியப் பொறிக்காரர் சங்கம் போன்ற அமைப்புகளில் மூத்தவர்கள் இளையவர்களைக் கூட்டிப்போய்க் கற்பிப்பது நடக்கிறது, விருப்பத்தின் பேரில். அந்த மூத்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது.

குறைவதற்குச் சந்தை ஒரு காரணம். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஏல வணிகத்திலிருந்து வந்த நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் 2019இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. கஸ்தூரி எலித் தோல் 2013 வாக்கில் பத்து டாலரைத் தொட்டது. சில ஆண்டுகளில் மூன்று டாலர் அளவுக்கு இறங்கியது. கனடாவின் குதிரைப்படைக் காவலர்களின் குளிர்காலத் தொப்பி கஸ்தூரி எலித் தோலால் ஆனது; 2014இல் அதை மாற்ற எழுந்த முயற்சியை அரசே தடுத்தது. ஒரு தொப்பிக்கு அரசு துணை நின்றது நல்லதுதான், அதனால் சந்தை மீளவில்லை. பெட்ரோல் செலவுக்கும் கட்டாத வேலையில் இன்று சேரும் புதியவர் பணத்துக்காக வருவதில்லை. பொழுதுபோக்காகவும், காட்டோடு ஒரு உறவாகவும் வருகிறார். தவறு செய்தால் வருமானம் போகும் என்ற பழைய கட்டுப்பாடு அவர்மேல் இல்லை. எனவே வேறு கட்டுப்பாடு வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது என்னை இன்னும் கவலைப்படுத்துகிறது. கஸ்தூரி எலியே குறைகிறது. அமெரிக்கா முழுவதும் அது சரிந்துவருவதைக் காட்டும் ஆய்வு 2017இல் வந்தது. பொறிக்காரர் எண்ணிக்கை குறைந்ததால் மட்டும் பிடிப்பு குறையவில்லை என்பது அதன் முடிவு. பீஸ் ஆற்றின் குறுக்கே 1968இல் கட்டிமுடிந்த பென்னட் அணைக்குப் பிறகு ஆல்பர்ட்டாவின் பீஸ்-அதபாஸ்கா கழிமுகம் வறண்டு, அங்கிருந்த எலிகள் பெருமளவு போய்விட்டதைக் கிரீ, டெனே மக்கள் ஆய்வாளர்களுக்கு முன்பே சொன்னார்கள். எத்தனை பிடித்தாலும் தீராது என்ற பழைய நம்பிக்கையோடு இனி எந்தப் பிள்ளையையும் குட்டைக்கு அனுப்பக் கூடாது. ஐரோப்பாவில் கதை நேர்மாறு. 1905இல் பிராகா அருகே விடப்பட்ட சில எலிகளிலிருந்து பெருகிய கூட்டம் நெதர்லாந்தின் நீர்க்கரைகளைத் துளைத்தது. அங்கே நீர்வாரியங்கள் சம்பளத்துக்குப் பயிற்றுவித்த ஆட்களை வைத்துத்தான் பிடிக்கின்றன. தொடக்கநிலையாளரைத் தனியாக விடுவது தவிர்க்க முடியாதது அல்ல என்பதற்கு அது சான்று.

இவற்றிலிருந்து நான் எடுக்கும் நிலைப்பாடு இது. சிறு கால்பொறியைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. முதல் பருவத்தில் நீரில் 110 உடல்பிடிப் பொறியும் நிலத்தில் நாய் சிக்காத குழாய்ப் பொறியும் போதும். கால்பொறியை இரண்டாம் பருவத்தில், உரிமம் பெற்ற மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பொறி மாற்றியமைக்கப்பட்ட பின்பே வைக்க வேண்டும். எந்த மாநிலமானாலும் முதல் மூன்று ஆண்டு உரிமத்துக்கு நாள்தோறும் பார்வையிடுவது கட்டாயமாக வேண்டும். மாநிலத் துறைகளின் கூட்டமைப்பு அடுத்த சுற்றுச் சோதனையில் சில பொறிகளையாவது முதல் பருவத்தவர் கையில் கொடுத்து, அதே காய அளவுகோலால் அளந்து, தேர்ந்தவரின் எண்களுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அளவுகோலும் களப்பணியாளர்களும் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.